கறுப்புக் கோட்டுக்காரரின் மனைவி

டிவியில் புதிய துப்பறியும் தொடரின் முதல் பகுதி ஒளிபரப்பான மறுநாள் காலையில் சாவிக்கடைக்கு வந்த முதல் ஆள் சாவி எதுவும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டடத்துப் பல் டாக்டர் அவர். கடைப்பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, நேற்று மாலை ஒரு மணி நேரம் எக்ஸ்ரே பார்த்தது போல இருந்தது என்றார். எக்ஸ்ரேயிலாவது பல் தெரியும் என்று சேர்த்துக்கொண்டார்.

அவருக்குப் பின்னால் தையல்காரர் வந்தார். துப்பறிவாளரின் கறுப்புக் கோட்டு அருமையான தையல், தோள்பட்டை உட்கார்ந்திருக்கிற அழகுக்கே இன்னொரு தடவை பார்க்கலாம், ஆனால் கோட்டு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்பதுதான் பிடிபடவில்லை என்பது அவர் குறை. தெருக்கோடி டிவி மெக்கானிக்குக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் ஏழு போன் வந்ததாம். ஏழு வீட்டிலும் டிவி கெட்டுவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஏழு டிவியும் குத்துக்கல் மாதிரி நன்றாக இருந்தன. படத்தை எடுத்ததே அத்தனை இருட்டாக.

இருபத்தேழு வருஷத்துக்கு முன் அந்தத் தொடர் முதன்முதலில் வந்தபோது ஊரே அதைப் பார்த்தது. எண்ணெய் விளக்குக் காலத்துக் கதைதான் அதுவும். ஆனால் அந்தத் துப்பறிவாளர் பிணத்தோடு பேசுவார், காவலரைக் கிண்டல் செய்வார், அரை மணி நேரத்தில் கொலைகாரனைப் பிடித்துக் கொடுப்பார். பார்த்தவர்கள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார்கள். இப்போது அதே கதையைப் புதிதாக எடுத்திருக்கிறார்கள். புதிய துப்பறிவாளர் சிரிப்பதில்லை, சவரம் செய்வதில்லை, பேசுவதைத் தொண்டைக்குள்ளேயே பேசிக்கொள்கிறார். கடைசியில் கொலைகாரன் பேரைக் கிசுகிசுத்தார். டாக்டர் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்ததில் மூன்று கொலைகாரர்கள் கிடைத்தார்கள். அந்தச் சண்டை காலை வரை ஓயவில்லை.

"எண்ணெய் விளக்குக் காலம்னா விளக்கை ஏத்தவே கூடாதுன்னு எவன்க்கா சொன்னது?" என்று டாக்டர் கேட்டார்.

தெருவில் எல்லோரும் சாவியக்கா என்று கூப்பிடும் அந்த அம்மாள், மிஷினில் சாவியைப் பொருத்திக்கொண்டே "அதானே" என்று மட்டும் சொன்னாள். அந்த இருட்டில் தான் என்ன பார்த்தாள் என்பதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வந்துவிடும். சாவி வெட்டும்போது அழுதால் பல் பிசகிவிடும்.

அவள் பார்த்தது அவளுடைய வீட்டுக்காரரின் கைகளை.

பூட்டுக்காரரான அவர் போய்ச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. ஒரு நாள் காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கினார், முக்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான். அவரை நினைத்துப் பார்க்க வீட்டில் படங்கள் உண்டு. ஆனால் ஒரு படத்திலும் கை கிடையாது. நகக்கண்ணில் ஏறிய எண்ணெய்க் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாது என்பதால், கேமராவைக் கண்டாலே கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். மகளின் பள்ளி விழாவில்கூடக் கைதி மாதிரிதான் நிற்கிறார். முகம் படத்தில் இருந்தது, குரல் மகளுடைய போனில் கொஞ்சம் இருந்தது. கை மட்டும் எங்கேயும் இல்லை. இருபத்தொன்பது வருஷம் அவளுக்குத் தெரிந்த ஆள் பாதிக்கு மேல் அந்தக் கையில்தான் இருந்தார்.

பழைய தொடர் எடுத்தபோது துப்பறிவாளர் ஒரு கதவைக் கம்பியால் திறக்க வேண்டிய காட்சி வந்தது. நடிகருக்குக் கம்பியைப் பிடிக்கவே வரவில்லை. கைக்கு மட்டும் ஆள் வேண்டும் என்று கடைக்கு வந்து பூட்டுக்காரரைக் கூட்டிப்போனார்கள். அவர் ஒரு நிபந்தனை போட்டார். கேமரா முன்னால் பூட்டைத் திறந்து காட்டமாட்டேன், நாளைக்கு நாலு திருடன் பார்த்துக் கற்றுக்கொள்வான் என்றார். அதனால் முதலிலேயே சாவி போட்டுத் திறந்துவைத்த பூட்டில், திறப்பது போல் கம்பியை ஆட்டினார். இரண்டாவது கம்பியை மறந்து வந்திருந்தார். வேடிக்கை பார்க்கப் போயிருந்த பெண்டாட்டியின் கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவிக்கொண்டார். விரலில் கிடந்த கல்யாண மோதிரம் சோப்புக்கும் வரவில்லை, எண்ணெய்க்கும் வரவில்லை. கிடக்கட்டும், இத்தனூண்டு டிவியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று டைரக்டர் சொல்லிவிட்டார்.

யாருக்கும் தெரியவில்லைதான். அந்தத் தொடரும் ஒரு தடவையோடு சரி. பிறகு எங்கே தேடியும் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழரைக்கு, ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து விட்டுக்கொண்டு நாத்தனாரோடு உட்கார்ந்திருந்தபோது அந்தக் கை வந்தது. புதிய நடிகருக்கும் கம்பி பிடிக்க வரவில்லை போலும். பழைய நாடாவிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கழுவித் துடைத்து, கொஞ்சம் இருட்டைப் பூசி ஒட்டியிருந்தார்கள். பதினொரு வினாடி. பூட்டின்மேல் மட்டும் வெளிச்சம் விழுந்ததால், ஒரு மணி நேரத்தில் ஒழுங்காகத் தெரிந்தது அந்தக் கை ஒன்றுதான்.

நாத்தனார் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணி, அது அண்ணன் கைதானே?"

"சுண்டு விரலைப் பார்த்தியா, வளைஞ்சிருக்கு. பெட்டகக் கதவு விழுந்த விரல்."

"என்ன பெட்டகம்?"

"ஏதோ பெரிய கம்பெனிப் பெட்டகம். திறக்கப் போன இடத்துல கதவு சாத்திக்கிச்சாம். வலியைப் பொறுத்துக்கிட்டு இன்னொரு கையால திறந்தாராம்."

நாத்தனார் அவளையே பார்த்தாள். "அஞ்சு வயசுல நான் குளியலறைக் கதவைப் படார்னு சாத்தினேன். அதுல மாட்டின விரல். பெட்டகம்னா உங்ககிட்ட சொன்னாரு?"

இருபத்தொன்பது வருஷமாக அந்தப் பெட்டகத்தை நம்பிக் குடித்தனம் நடத்தியவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். பதினான்கு மாதத்தில் அவர் அவளிடம் மாட்டிக்கொண்ட முதல் பொய் அது.

தொடர் அந்தச் சேனலின் ஆப்பிலும் இருந்தது. வேண்டும்போது போட்டுப் பார்க்கலாம். காலையில் ஷட்டரைத் தூக்கும் முன் ஒரு தடவை, மதியம் சாப்பிட்டபின் ஒரு தடவை என்று பார்க்க ஆரம்பித்தாள். அதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் முயன்றாள். போனிலேயே பதிவு செய்தால் திரை கறுப்பாகிவிட்டது, ஆப்பில் அப்படி ஒரு பூட்டு. நாத்தனாரின் போனைக் கொண்டு படம் பிடித்தால் ஒரு கரிய தேமல் மட்டும் வந்தது. இருட்டை இருட்டில் வைத்துப் பிடித்தால் வேறென்ன வரும். சரி, ஆப்பில் எங்கே போய்விடப்போகிறது என்று விட்டுவிட்டாள்.

ஆப்பிலேயே கீழே பார்த்தவர்கள் எழுதியிருந்தார்கள். ஒருவர், கண் டாக்டரிடம் போய் வந்த பிறகுதான் தப்பு கண்ணில் இல்லை என்று தெரிந்தது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், பழைய துப்பறிவாளர் சிரிக்கும்போது நாமும் சிரித்தோம், இவர் இருமும்போது நாமும் இருமுகிறோம் என்றார். நடுவில் ஓர் ஆள் கையைப் பிடித்துக்கொண்டான். ஹீரோவுக்கு முகத்தில் இருபத்தெட்டு வயது, கைக்கு ஐம்பது, மாவு பிசைகிற கை, அதில் மோதிரம் வேறு என்று எழுதி, கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை முகம் நான்கு போட்டிருந்தான்.

அவருக்கு அப்போது முப்பத்துநான்குதான் என்று சாவியக்கா வாய்விட்டே சொன்னாள். கடையில் யாரும் இல்லை.

நாத்தனார் அவளைப்போல வாய்க்குள் சொல்லிக்கொள்கிறவள் அல்ல. செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து சேனலுக்கு ஒரு கடிதமே எழுதிவிட்டாள். அந்தக் கை என் உடன்பிறந்த அண்ணனுடையது, ஒரு வார்த்தை கேட்காமல் போட்டிருக்கிறீர்கள், கேலி செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லுங்கள், அண்ணன் பேரைக் கொட்டை எழுத்தில் போடுங்கள் என்று. கீழே கடையின் போன் நம்பர்.

வியாழக்கிழமை போன் வந்தது. துணை இயக்குநர் என்று சொல்லிக்கொண்ட ஒரு பையன். குரல் தேனாக இருந்தது. தப்பு எங்களுடையதுதான், பழைய நாடாவில் கிடந்தது, யார் கை என்று குறிப்பு இல்லை, மன்னித்துவிடுங்கள் என்று ஐந்து தடவை சொன்னான். பிறகு நல்ல செய்தி சொல்கிற மாதிரி சொன்னான்.

"நீங்க கவலையே படாதீங்கம்மா. அந்த ஷாட்டைத் தூக்கிடறோம். வேற கையை வெச்சு எடுத்து, மூணாவது வாரத்துக்குள்ள ஆப்லயும் மாத்திடுவோம். ஒரு சுவடு இருக்காது."

சாவியக்காவுக்கு மிஷினின் சத்தம் தூரத்தில் கேட்பது போல ஆகிவிட்டது. கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

"தூக்க வேண்டாம் தம்பி."

"இல்லம்மா, எப்படியும் தூக்கணும். அந்த மோதிரம் வேற. எங்க துப்பறிவாளருக்குக் கல்யாணமே ஆகலை. பார்க்கிறவங்க பிடிச்சுக்கிட்டாங்க."

"பேரெல்லாம் போட வேண்டாம். கை மட்டும் இருக்கட்டும்."

தன் கையில் எதுவும் இல்லை என்றான் அவன். மேலே இருக்கிறவர்கள் பார்வையாளர்கள் எழுதுவதைத்தான் வேதமாகப் பார்க்கிறார்கள். கடைசி மூன்று பகுதியை இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஜனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்துக் கதையைத் திருப்புகிறார்கள். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"ஒருவேளை கல்யாணம் ஆகியிருந்தா?"

"யாருக்கு?"

"உங்க துப்பறிவாளருக்கு."

அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் நாத்தனாருக்குக் கிடைத்த திட்டு சாதாரணமல்ல. உன்னை யார் எழுதச் சொன்னது, அண்ணன் கையை நீயே வெட்டிவிட்டாய் என்று சாவியக்கா கத்தினாள். நாத்தனார் திருப்பித் திட்டாமல் அழுதது அவர்கள் சரித்திரத்திலேயே முதல் தடவை. அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, இப்போ என்ன செய்யறது அண்ணி என்றாள்.

"அந்தத் துப்பறிவாளருக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணும்."

மறுநாள் டாக்டரிடமிருந்து தொடங்கினாள். அவர் சாவி வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது, எதேச்சையாகக் கேட்பது போலக் கேட்டாள். பூட்டுத் திறக்கிற இடத்தில் துப்பறிவாளரின் விரலில் ஏதோ பளபளத்ததே, கவனித்தீர்களா. மற்ற நேரமெல்லாம் அதைக் கழற்றி மறைத்துக்கொண்டு அலைகிறாரோ என்னவோ.

டாக்டர் சாவியை வாங்காமலே போய்விட்டார். அன்று அவரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்த பதினோரு பேர், எதிர்த்துப் பேச முடியாத நிலையில், துப்பறிவாளரின் ரகசிய மனைவியைப் பற்றிக் கேட்டார்கள். மதியம் அவர் ஆப்பில் ஒரு கட்டுரையே எழுதினார். துப்பறிவாளர் சிரிக்காமல் இருப்பது சோகத்தால் அல்ல, ரகசியத்தைக் காப்பாற்றுகிறவனின் தாடை இறுக்கம் அது, தாடை விஷயத்தில் என்னை நம்புங்கள் என்று.

தையல்காரருக்கு அவள் ஒன்றும் சொல்ல வேண்டியே இருக்கவில்லை. மனைவி என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் வீட்டுக்குப் போய்ப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி, கோட்டுல மூணாவது பட்டன் வேற நூல். அது கடைத் தையல் இல்லை. பக்கத்துல உட்கார்ந்து, பேசிக்கிட்டே ஒரு பொம்பளை தெச்சது."

"பேசிக்கிட்டே தெச்சதுன்னுகூடத் தெரியுமா அண்ணே?"

"நூலை இழுத்திருக்கிற கோபத்தைப் பார்த்தாலே தெரியுது. அவன் பதில் சொல்லலை போல."

அதையும் அவர் பேரனைவிட்டு எழுதவைத்தார். பட்டன் கட்சி என்று ஒன்று கிளம்பிவிட்டது.

சனிக்கிழமை சாவியக்கா தன் பங்குக்கு எழுதினாள். பேர் போடும் இடத்தில் 'கொண்டை ஊசி' என்று போட்டுக்கொண்டாள். துப்பறிவாளரின் வலது கையில் இருப்பது கம்பி, இடது கையில் இருப்பது பெண்கள் தலையில் செருகும் ஊசி, நன்றாகப் பாருங்கள், யாருடைய ஊசி அது என்று மூன்றே வரி. எழுதும்போது அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஊருக்கு முன்னால் தலையை அவிழ்த்துக் காட்டுவது போல.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பகுதியில் என்ன நடந்தது என்று யாரும் பேசவில்லை. யாருக்கும் தெரியவும் இல்லை, அத்தனை புகை. எல்லோரும் முதல் பகுதிக்குத் திரும்பிப் போய் ஊசியைப் பார்த்தார்கள். ஆயிரம் பேர் பதில் எழுதியிருந்தார்கள். அவள் உயிரோடு இருக்கிறாளா, சுருள்முடிக்காரியா, ஏன் மறைக்கிறார், அவள்தான் கொலைகாரியோ.

அதற்கு நடுவே வேறெங்கோ ஓர் ஊரிலிருந்து ஒரு பூட்டுக்காரன் எழுதினான். இருபது வருஷமாக இதே தொழில் செய்கிறேன், அந்தப் பூட்டு ஏற்கனவே திறந்துதான் இருக்கிறது, இந்த ஆளுக்குப் பூட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று.

இதுதான் அவளால் தாங்க முடியாமல் போயிற்று. தெருவில் தொலைந்த சாவிகளுக்கெல்லாம் தகப்பன் மாதிரி இருந்த மனிதர். நடந்ததையெல்லாம் நீளமாக எழுதினாள். எழுதி முடித்து, அனுப்பப் போகும் நேரத்தில் நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"அனுப்பினீங்கன்னா ஒட்டவெச்ச கைன்னு நாமளே சாட்சி சொன்ன மாதிரி ஆயிடும் அண்ணி. நான் செஞ்ச முட்டாள்தனத்தையே நீங்களும் செய்யப்போறீங்க."

அது நியாயம்தான். நாத்தனார் சொன்னதில் நியாயம் இருந்த அபூர்வமான நாள். சாவியக்கா எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரே வரி எழுதினாள்: திறந்திருக்கிறது என்று தெரிந்தும் ஒருவர் திறப்பது போல நடித்தால், அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

கோபத்தை அடக்கிக்கொள்ளத்தான் அதை எழுதினாள். ஆனால் அரை மணி நேரத்தில் ஜனங்கள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது அவர் வீடு. அந்தக் கதவு அவர் கதவு. உள்ளே அவர் மனைவி இருக்கிறாள், கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறாள், கூட இருக்கும் காவலர்களுக்குத் தெரியாமலிருக்க அந்நியன் மாதிரி கம்பியை ஆட்டுகிறார். டாக்டர் இதைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடி வந்தார், கையுறையைக்கூடக் கழற்றாமல். எடுத்தவனின் மூளையே மூளை, இருட்டாக எடுத்ததற்குக்கூட இதுதான் காரணம் என்றார். முதல் வாரம் எக்ஸ்ரே என்று திட்டிய அதே வாய்.

மூன்றாவது வாரம் வந்தது. சனிக்கிழமை, ஞாயிறு, திங்கள் என்று சாவியக்கா ஆப்பைத் திறந்து திறந்து பார்த்தாள். கை இருந்தது. செவ்வாயும் இருந்தது. புதன்கிழமை தேன்குரல் பையன் கூப்பிட்டான்.

"அம்மா, ஒரு சின்ன விஷயம். அந்த ஷாட்டை நாங்க எடுக்கலை. எடுக்கவும் முடியாது போலிருக்கு. ஜனங்க ஒரே பிடியா இருக்காங்க. உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?"

"பார்க்கலாம்" என்றாள் அவள், கொஞ்சம் பிகுவாகவே. "எத்தனை நாளைக்கு இருக்கும்?"

"தொடர் இருக்கிற வரைக்கும் இருக்கும்மா. கதையே இப்ப அதுமேலதான் நிக்குது. மனைவி வர்றாங்க ஆறாம் பகுதியில."

போனை வைத்துவிட்டு அவள் முக்காலியில் உட்கார்ந்தாள். அவர் கடைசியாக உட்கார்ந்த முக்காலி அது. கொஞ்ச நேரம் யார் வந்தாலும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டுப் பூட்டைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆறாம் பகுதிக்குத் தெருவே திரையை இழுத்து விட்டுக்கொண்டது. மனைவியாக வந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. முடி இடுப்பு வரை. மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் ஏறினாள், இறங்கினாள், ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"உங்க இடுப்புல பாதிதான் இருக்கா" என்றாள் நாத்தனார்.

"அந்த வயசுல நானும் அப்படித்தான் இருந்தேன்."

"நான் பார்த்திருக்கேன் அண்ணி."

திரையில் அந்தப் பெண் பட்டன் தைத்தாள். தையல்காரர் வீட்டிலிருந்து ஒரு ஆரவாரம் கேட்டது. கூந்தலிலிருந்து ஊசியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வந்து நான்கு நிமிஷம்கூட ஆகவில்லை, யாரோ ஒருவன் பின்னாலிருந்து வந்து அந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டான்.

அதற்குப் பிறகு துப்பறிவாளர் வீடு திரும்பினார். மழை. கதவு. வெளிச்சம் பூட்டின்மேல் விழுந்தது, அந்தக் கைகள் வந்தன, வளைந்த சுண்டு விரலும் நகக்கண் கறுப்புமாக. உள்ளே அவள் செத்துக் கிடப்பது தெரியாமல், விளையாட்டாகக் கம்பியை ஆட்டிக்கொண்டிருந்தன. பிறகு அவர் அவளை நினைத்துப் பார்க்கிறபோது மறுபடியும் வந்தன. கடைசியில் சத்தமே இல்லாமல் மெதுவாக இன்னொரு தடவை. அந்தத் தடவை பதினொரு வினாடி முப்பது வினாடி அளவுக்கு நீண்டது.

நாத்தனார் அதற்குள் போனை எடுத்துவிட்டாள். முகம் சிவந்திருந்தது. "கட்டின பொண்டாட்டியைக் கொன்னுட்டானுங்களே, பாவிங்க. என் அண்ணி கல்லுக்குண்டு மாதிரி இருக்காங்கன்னு எழுதறேன் பாருங்க."

சாவியக்கா போனை அவள் கையிலிருந்து வாங்கித் திருப்பி வைத்தாள்.

"எழுதாதே. நான் செத்தாத்தான் அவர் நினைச்சுப் பார்ப்பாரு. நினைச்சாத்தான் கை வரும்."

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். மருந்து அலமாரியின் சாவியை உடைத்துக்கொண்டு வந்திருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அந்தப் பெண்ணைக் கொன்றிருக்கக் கூடாது என்று ஆப்பில் இரண்டாயிரம் பேர் எழுதியிருப்பதாகச் சொன்னார். தான் எழுதியதுதான் நீளம் என்றும் சொன்னார்.

"மனசே ஆறலைக்கா. ஊசியைக் கண்டுபிடிச்சு, மோதிரத்தைக் கண்டுபிடிச்சு, கடைசியில நாமளே அவளைக் கொண்டுவந்து சாகக் கொடுத்த மாதிரி இருக்கு."

அவள் உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து அளவு பார்த்தாள். புதுச் சாவியை மிஷினில் பூட்டினாள். அது வெட்டி முடிக்கும்வரை டாக்டர் ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு ஒண்ணும் பெரிய வருத்தம் இருந்திருக்காது டாக்டர்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

அவள் சாவியின் பல்லில் ஒட்டியிருந்த பித்தளைத் தூளை ஊதினாள். விரலால் தடவிப் பார்த்து, இன்னும் ஒரு இழுப்பு அரம் போட்டு, அவரிடம் நீட்டினாள்.

"முதல் நாள் கொஞ்சம் இறுக்கமா இருக்கும். அவசரப்படாம திருப்புங்க."